போட்டோ கேமராவுல வீடியோ எதுக்கு? அதை எடுத்துட்டு குடுத்தா என்ன?

காரைக்குடி படக்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வழக்கமா படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இன்னிக்கு கேட்டே ஆகணும்னு தோணுச்சு.

நான் கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்குறவன், 22 வருஷம் ஆச்சு. ஆரம்பிச்சது பிலிம்ல. ஒரு ரோலுக்கு 36 படம், முகூர்த்தத்துக்குன்னு புது ரோல் மாத்திட்டுத்தான் மேடை ஏறுவோம், அந்தப் பழக்கம் இன்னும் போகல, கெட்டி மேளத்துக்கு முன்னாடி கார்டுல எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் நிப்பேன். இப்ப கையில இருக்குற டிஎஸ்எல்ஆர்ல ஷட்டர் ஒரு தடவை மாத்தியாச்சு, அதுவும் இப்ப இழுக்குது. புதுசு வாங்கியே ஆகணும். கடைக்குப் போனா அந்தத் தம்பி ஒவ்வொரு பாடியா, அதான் லென்ஸ் இல்லாத கேமராவா, எடுத்து வச்சு சொல்றது எல்லாம் வீடியோவைப் பத்தித்தான். 4கே 60ன்றாரு, 10 பிட்ன்றாரு, லாக்ன்றாரு. தம்பி நான் போட்டோ எடுக்குறவன்பா, பிளாஷ் சிங்க், அதாவது எந்த ஷட்டர் ஸ்பீடு வரைக்கும் பிளாஷ் ஒத்துவரும், இருட்டு மண்டபத்துல போகஸ் பிடிக்குமா, அதைச் சொல்லுன்னு கேட்டா, "சார் இப்ப யாரு சார் ஸ்டில் மட்டும் எடுக்குறாங்க"ன்னுட்டாரு. அவரு தப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த வார்த்தை வீடு வந்து சேர்ற வரைக்கும் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

போன தை மாசம் ஒரு கல்யாணம். வேலை குடுத்தவரு ஒரு ஸ்டுடியோக்காரர். முதல் நாள் ராத்திரி போன் பண்ணி, கேண்டிட் வீடியோ எடுக்குற பையனுக்கு காய்ச்சல், உங்க கேமராவுலதான் வீடியோ இருக்கே, முகூர்த்தத்துல அப்பப்ப ரெண்டு கிளிப் எடுத்துருங்கன்னாரு. சரி, ஆள் இல்லாத நேரத்துல முடியாதுன்னு சொல்ல மனசு வரல. வீடியோவுக்கு சத்தம் வேணுமேன்னு பிளாஷைக் கழட்டி அந்த இடத்துல மைக்கை மாட்டினேன். மண்டபத்து லைட்டு பட்டை பட்டையா தெரியக் கூடாதுன்னு ஷட்டரை 1/50ல, அதாவது நொடியில அம்பதுல ஒரு பங்கு நேரம் திறந்திருக்குற மாதிரி, வச்சேன். மாலை மாத்துறது, தாலியை எல்லார்கிட்டயும் தொட்டுக் கும்பிடக் கொண்டு போறது எல்லாம் கிளிப்பா எடுத்தாச்சு. ஐயர் கை காட்டினாரு, நாதஸ்வரம் தூக்கிடுச்சு, சட்டுன்னு ஸ்டில்லுக்கு மாத்தி அடிக்க ஆரம்பிச்சேன். மாப்பிள்ளை மொத முடிச்சு போடுறாரு, அவரோட அக்கா பின்னாடி வந்து மிச்ச ரெண்டையும் போடுறாங்க, அட்சதை கொட்டுது, பொண்ணு குனிஞ்ச தலையை லேசா நிமித்தி அவங்க அம்மா எங்கன்னு தேடுது, அம்மா அந்தப் பக்கம் கண்ணைத் துடைக்கிறாங்க. 14 படம். ஷட்டர் அதே 1/50லதான் நின்னுட்டு இருந்திருக்கு, பிளாஷும் இல்ல. 14லயும் கை எல்லாம் புகை மாதிரி. அந்த அக்கா விரல்ல மஞ்சக் கயிறு எங்க இருக்குன்னே தெரியல. விழுந்த அட்சதை எல்லாம் கோடு கோடா இருக்கு.

அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, "பரவால்லண்ணே, வீடியோவுல இருக்குல்ல"ன்னுச்சு. வீடியோவுலயும் முடிச்சு இல்லயே, அந்த நேரத்துல நான் ஸ்டில்லுக்கு மாறிட்டேனே. டிரடிஷனல் வீடியோக்காரர் எடுத்தது இருந்துச்சு, அதுல முன்னாடி நின்ன சொந்தக்காரங்க முதுகுதான் பாதி.

தப்பு என்னோடதுதான், அதை மறைக்கல. ஆனா கேக்குறேன், போட்டோ எடுக்குறதுக்குன்னு இருக்குற சாமான்ல இது எதுக்கு? வேணாங்குறவனுக்கு வீடியோ இல்லாம, கொஞ்சம் விலை கம்மியா, பட்டன் கம்மியா ஒரு பாடி குடுத்தா கம்பெனிக்கு என்ன நஷ்டம்? அப்படி ஏதாச்சும் இருக்கா, யாராச்சும் வச்சிருக்கீங்களா?

திருகுபுளி:

அண்ணே வணக்கம். நான் சென்னையில கேமரா சர்வீஸ் பண்றவன், தினம் நாலஞ்சு பாடி திறந்து பாக்குறவன்ங்குற முறையில சொல்றேன். அந்த 14 படம் கதையைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடவே மனசு வரல.

மொதல்ல விலை விஷயம். வீடியோவை எடுத்துட்டா விலை குறையும்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நெனப்பு இருக்கு. டிஎஸ்எல்ஆர்ல கண்ணாடி வழியா நேரா லென்ஸ்ல வர்ற வெளிச்சத்தைப் பாக்குறோம், சென்சார் அதுபாட்டுக்கு சும்மா இருக்கும், பட்டனை அமுக்குனா மட்டும் வேலை பார்க்கும். இப்ப வர்ற, கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ல அப்படி இல்ல. நீங்க வியூபைண்டர்ல கண்ணை வச்சுப் பாக்குறதே வீடியோதான். சென்சார் நொடிக்கு 60 தடவை, 120 தடவைன்னு படிச்சு அந்தக் குட்டி ஸ்கிரீனுக்கு அனுப்பிட்டே இருக்கு. அதைச் சுருக்கி கார்டுல எழுதணுமா வேணாமாங்குறதுதான் மிச்சம். அதுக்கு வேண்டிய சிப்பும் உள்ள இருக்கு. கழட்டி எடுக்கன்னு தனியா பெருசா ஒண்ணும் கிடையாது, ஒரு மைக், ஜாக்கு, சிவப்பு பட்டன், அவ்வளவுதான்.

நிக்கான் இதைச் செஞ்சே பார்த்தாங்க. 2013 நவம்பர்ல டிஎஃப்னு ஒரு பாடி விட்டாங்க, பழைய பிலிம் கேமரா மாதிரி மேல டயல், வீடியோ சுத்தமா கிடையாது. உள்ள இருந்தது அவங்களோட பெரிய கேமரா டி4ல இருந்த அதே 16 மெகாபிக்சல் சென்சார், டி4ல வீடியோ உண்டு. அதாவது சென்சாருக்கு வீடியோ தெரியும், வெளிய விடல. விலை என்ன தெரியுமா, அமெரிக்காவுல 2,750 டாலர். அதே சமயம் வந்த டி610, முழு பிரேம் (பழைய பிலிம் அளவு சென்சார்), 24 மெகாபிக்சல், வீடியோவோட, 2,000 டாலர். வீடியோ இல்லாததுக்கு 750 டாலர் ஜாஸ்தி! டயலு, அலங்காரம், டி4 சென்சார்னு காரணம் சொல்லலாம், ஆனா இல்லாததால விலை குறைஞ்சுடலன்றது உண்மை.

கம்மியா விக்கிற பொருளுக்கு விலை ஏறத்தான் செய்யும். இப்பவும் வீடியோ இல்லாம வர்றதுன்னா லைகா எம்11, ஹாசல்பிளாட் எக்ஸ்2டி, இந்த மாதிரித்தான், எல்லாம் பல லட்சம். நம்ம ஊர் கல்யாண மார்க்கெட்டுக்கு ஆகாது, ஆட்டோபோகஸே இல்லாத லைகாவை வச்சிட்டு மேடையில சொந்தக்காரங்க நடுவுல நிக்க முடியுமா.

உங்க பக்கமும் நியாயம் இருக்கு. வீடியோவால ஸ்டில்காரனுக்கு வர்ற தொந்தரவு உண்மைதான். சூடு ஒண்ணு. சென்சாரை ஆட்டி ஷேக் குறைக்கிற சிஸ்டத்துல சென்சார் பாடியை ஒட்டி உக்காராம மிதக்குது, சூடு வெளிய போக வழி கம்மி. 2020ல வந்த கேனன் ஆர்5, 4கேயை விடப் பெரிய 8கே வீடியோ ஓட்டினா 20 நிமிஷத்துல சூடேறி நிக்குதுன்னு எவ்வளவு பேச்சு. ஸ்டில் மட்டும் எடுக்குறவனுக்கு அது அருமையான கேமரா, ஆனா அவனும் வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பயந்தான். இன்னொண்ணு மெனு. பிளாஷ் செட்டிங் தேடிப் போனா நடுவுல ஆடியோ லெவல், டைம்கோடுன்னு ரெண்டு மூணு பக்கம்.

ஆனா வீடியோவுக்காக சென்சாரை வேகமா படிக்கணும்னு ஓடின ஓட்டத்துல ஸ்டில்லுக்கும் நல்லது நடந்துருக்கு. நிக்கான் இசட்9, 2021ல வந்தது, அதுல மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சென்சார் அவ்வளவு வேகமா படிக்கிறதால தேவையே இல்லாம போச்சு. உங்க பாடியில இப்ப இழுக்குது பாருங்க அந்த ஷட்டர், அதுல தேய்றதுக்கு அப்படி ஒரு பாகமே இல்ல. சோனி ஏ9 மூணுல வரிசை வரிசையா இல்லாம மொத்த சென்சாரையும் ஒரே கணத்துல படிக்கிற குளோபல் ஷட்டர், எந்த ஷட்டர் ஸ்பீடுலயும் பிளாஷ் போடலாம். விலையைக் கேட்டா மயக்கம் வரும், ஆனா இன்னும் சில வருஷத்துல அது கீழ இறங்கும்.

மத்தவங்களும் சொல்லட்டும், அப்புறம் உங்க 1/50 விஷயத்துக்கு வர்றேன், அதுக்கு வழி இருக்கு.

பழைய நெகட்டிவ்:

படக்காரர் சொன்னதுல எனக்கு முழு சம்மதம். நான் பத்திரிகைக்குப் படம் எடுத்து ரிட்டயர் ஆனவன்.

இது எப்ப ஆரம்பிச்சதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 2008 ஆகஸ்ட்ல நிக்கான் டி90, டிஎஸ்எல்ஆர்ல மொத வீடியோ. 720 வரிசை படம், நொடிக்கு 24 பிரேம், ஒரு கிளிப்புக்கு அஞ்சு நிமிஷம்தான், எடுக்குறப்ப ஆட்டோபோகஸ் வேலை செய்யாது. அடுத்த மாசமே கேனன் 5டி மார்க் 2 அறிவிப்பு வந்துச்சு, முழு பிரேம், 1080 வரிசை. எங்க ஆளுங்க எல்லாரும் பொம்மை மாதிரின்னுதான் நெனச்சோம். 2010ல ஹவுஸ்னு அமெரிக்க டிவி தொடர்ல ஒரு சீசனோட கடைசி எபிசோடை அந்த 5டியிலயே எடுத்தாங்க. சினிமாக்காரங்களுக்கு அதுல லாபம், பெரிய சென்சாரு, பின்னாடி மங்கலா வர்ற அழகு, விலை கம்மி, நான் இல்லங்கல. எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, கொஞ்ச வருஷத்துல ஆபீஸ்ல இருந்து "வெப்சைட்டுக்கு ஒரு வீடியோவும் அனுப்புங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஆளும் சம்பளமும் மாறல, வேலை மட்டும் ரெண்டாச்சு. கேமராவுல அந்த வசதி இல்லாம இருந்தா கேட்டிருப்பாங்களா?

அதைவிட முக்கியமா எனக்கு வேற ஒண்ணு இருக்கு. இப்ப 8கே வீடியோவுல ஒரு பிரேமை எடுத்தா 33 மெகாபிக்சல் வருது, 4கேல 8 மெகாபிக்சல். ஓடவிட்டு எடுத்துட்டு அப்புறம் உக்காந்து நல்ல பிரேமைப் பொறுக்கிக்கலாம், போட்டோகிராபரே தேவையில்லன்னு பேசுறாங்க. பொறுக்குறதும் எடுக்குறதும் ஒண்ணு இல்ல. ஊர்வலத்துல போலீஸ்காரர் லத்தியைத் தூக்குறாருன்னா, அது இறங்குறதுக்கு முன்னாடி நான் எந்தப் பக்கம் நிக்கணும், யாரோட முகம் தெரியணும்னு முடிவு பண்ணியாகணும். அந்த முடிவு கால்ல இருக்கு, விரல்ல கிடையாது. வீடியோ ஓடிட்டு இருக்குறப்ப மனுஷன் ஆடாம ஒரே இடத்துல நிப்பான், கேமரா ஆடக் கூடாதேன்னு. ஸ்டில்காரன் நகர்ந்துட்டே இருப்பான். ரெண்டுக்கும் உடம்பே வேற.

அதனால எனக்குப் பிரிச்சுக் குடுக்குறதுதான் சரின்னு படுது. லைகாக்காரங்க 2012ல எம் வரிசையில வீடியோவைக் கொண்டு வந்தாங்க, 2017ல எம்10 வந்தப்ப அதை எடுத்துட்டாங்க, பாடியும் மெலிசாச்சு. ஒரு தடவை போட்டுட்டு, வேணாம்னு எடுத்த கம்பெனியும் இருக்குன்னு சொல்றதுக்காகத்தான் இது.

தாமிரபரணி நாரை:

பெரியவங்க ரெண்டு பேரும் சொல்லுதது புரியுது. ஆனா என் அனுபவம் வேற, அதையும் சொல்லிருதேன்.

நமக்குத் தொழில் வேற, லீவு நாள்ல பறவை பாக்கப் போறது. கூந்தன்குளம் நாங்குநேரி பக்கம், ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும், ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா அதுகளைத் தொந்தரவு பண்ணாம பாத்துக்கிடுதாங்க. பறவை இருக்குத சீசன்ல பட்டாசு வெடிக்க மாட்டாங்க. வருஷா வருஷம் போவேன். அஞ்சாறு வருஷமா ஸ்டில் மட்டும்தான் எடுத்தேன். கூழைக்கடா குஞ்சுக்கு இரை குடுக்குத படம் என்கிட்ட இருநூறு இருக்கும், எல்லாத்துலயும் குஞ்சோட தலை தாயோட வாய்க்குள்ள போயிருக்கும், அம்புட்டுதான், பாக்க அமைதியா ஏதோ பால் குடிக்குத மாதிரி இருக்கும்.

ஒரு நாள் கை தெரியாம சிவப்பு பட்டன்ல பட்டு ஓடிருச்சு. 40 செகண்டு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா நான் இத்தனை வருஷமா எடுத்தது என்னன்னே இப்பத்தான் தெரியுது. அது பால் குடிக்குததே இல்ல. குஞ்சு தலையைக் கழுத்து வரைக்கும் உள்ள விட்டு முட்டுது, றெக்கையை அடிக்குது, தாய்ப்பறவை காலை அகட்டி வச்சு கிளை ஆட ஆட தாங்கிட்டு நிக்குது, ரெண்டாவது குஞ்சு பக்கத்துல கத்திக்கிட்டே மொதக் குஞ்சோட முதுகுல ஏறப் பாக்குது. முடிஞ்சதும் தாய் தலையை ரெண்டு தடவை உதறிட்டு அந்தாக்குல கண்ணை மூடி நிக்கும் பாருங்க. அந்த உதறல் எந்த ஸ்டில்லுலயும் எனக்குக் கிடைக்கல. அந்தச் சத்தமும் சேத்துத்தான். கூந்தன்குளம் போனவங்களுக்குத் தெரியும், கூட்டுக்குக் கீழ நின்னா அந்த இரைச்சல்ல பக்கத்துல இருக்கவங்க பேசுதது கேக்காது.

அதுக்கப்புறம் எனக்கு ஸ்டில்லும் நல்லா வர ஆரம்பிச்சுது. உதறல் வரப் போவுதுன்னு தெரிஞ்சு காத்துக் கிடந்து 1/2000ல எடுத்தேன், தண்ணி தெறிக்குதது ஒவ்வொரு சொட்டா இருக்கு.

தனியா வீடியோ கேமரா வாங்கி, 500 எம்எம் லென்ஸையும் ஸ்டாண்டையும் தூக்கிட்டு அதையும் தூக்க நம்மால முடியாது. வெயில் 9 மணிக்கே மண்டையைப் பொளக்கும். ஒரே பாடியில இருந்ததாலதான் அந்த 40 செகண்டு கிடைச்சுது. அதை எடுத்துருங்கன்னு மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி.

பனிக்காலை:

அண்ணா, நான் கோயம்புத்தூருங்க. கல்யாண வீடியோ எடுக்கறவ, எட்டு வருஷமா இதுதான் தொழில். நீங்க அன்னைக்கு எடுக்கப் பார்த்தீங்களே, அந்த வேலைதான் எனக்கு முழு நேர வேலை. அதனால கொஞ்சம் உரிமையோடயே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

உங்க கேமராவுல வீடியோ இருந்தது குத்தம் இல்லீங்ண்ணா. ஒரு ஆள் கூலியில ரெண்டு ஆள் வேலையை முதல் நாள் ராத்திரி போன்ல கேட்டாரே, அதுதான் குத்தம். காய்ச்சல் வந்தா வேற ஆளைப் பிடிக்கணும், எங்க ஊர்ல நாங்க நாலு பேரு ஒருத்தருக்கு ஒருத்தர் அப்படித்தான் போய் நிக்கறோம். கேமராவுல வசதி இருக்குங்கறதுக்காக ஆளுக்கு நாலு கண்ணு, நாலு கை முளைக்காது.

வீடியோவுக்கும் ஸ்டில்லுக்கும் ஒரே நேரத்துல ஒத்துவராதுன்னு நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. எங்களுக்கு 25 பிரேம்னா ஷட்டர் 1/50. நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், லைட்டு நொடிக்கு 100 தடவை மின்னுது, 1/50 இல்லன்னா 1/100 வச்சாத்தான் பட்டை வராது. அசையற கை கொஞ்சம் மங்கலா இருந்தாத்தான் வீடியோ பாக்கறப்ப வழவழன்னு ஓடும், 1/500ல எடுத்தா வெட்டி வெட்டி ஓடும். உங்களுக்கு அதே மங்கல்தான் விஷம். அதனாலதான் வீடியோவுல இருந்து பிரேம் எடுத்துக்கலாம்னு யாரு சொன்னாலும் நான் நம்பறது இல்ல. 8கேயா இருக்கட்டும், 1/50ல முடிச்சு போடற விரல் 33 மெகாபிக்சல்லயும் புகையாத்தான் இருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்குங்க. நீங்க முகூர்த்தத்துல பிளாஷ் அடிக்கறீங்கல்ல, எங்க வீடியோவுல அது என்ன பண்ணும் தெரியுங்களா. சென்சார் மேல இருந்து கீழ வரிசை வரிசையா படிக்குது, பிளாஷ் கண்ணிமைக்கற நேரம்தான், அந்த நேரத்துல எந்த வரிசை திறந்திருக்கோ அது மட்டும் வெள்ளையாகும். பாதி பிரேம் பளீர், பாதி சாதாரணம். தாலி கட்டற அரை நிமிஷத்துல மூணு போட்டோகிராபர் அடிச்சா எனக்கு அந்த இடம் பூரா வெள்ளைத் துண்டு துண்டா விழும். எடிட்ல உக்காந்து ஒவ்வொரு பிரேமா தூக்கி பக்கத்து பிரேமை ஒட்டுவேன். இதுக்காக நான் உங்ககிட்ட வந்து பிளாஷ் இல்லாத கேமரா வாங்குங்கண்ணான்னு கேக்க முடியுங்களா? மேடை ஏறறதுக்கு முன்னாடி போட்டோ அண்ணன்கிட்ட போய், முடிச்சுக்கு அடிச்சுக்குங்க, அட்சதைக்கு எனக்கு ஒரு பத்து செகண்டு விடுங்கன்னு பேசிக்குவேன். பேசிக்கிட்டா நடக்குது.

பத்திரிகை ஐயா சொன்ன கால் விஷயம் ரொம்ப சரிங்க, நான் அப்படி யோசிச்சதே இல்ல. நாங்க நின்ன இடத்துல மூச்சைப் பிடிச்சுட்டு நிப்போம். ஆனா நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே எங்க மாமா வச்சிருந்த ஒரு ஸ்டில் கேமராவாலதாங்க. வீடியோ கேமரா வாங்கறதுக்கு எங்க வீட்ல வழியே கிடையாது. போட்டோ எடுக்க வாங்குனதுல வீடியோவும் இருந்துச்சு, அதுல கத்துக்கிட்டேன். அது இல்லாம வந்திருந்தா நான் இன்னைக்கு ஏதாவது மில் ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு இருப்பேன். பொம்பளைப் புள்ளைக்குத் தனியா ஒரு லட்ச ரூவாய்க்கு வீடியோ கேமரா வாங்கிக் குடுக்கறேன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. போட்டோ கேமராங்கற பேர்ல வீட்டுக்குள்ள வந்துச்சு.

பழைய நெகட்டிவ்:

அம்மா, நீ சொன்ன கடைசி விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. மாமா கேமராவுல கத்துக்கிட்டதைக் கேட்டா சந்தோஷமா இருக்கு. நான் பேசினது எங்க ஆபீஸ்காரங்ககிட்ட பேச முடியாததை இங்க பேசினதுதான்னு இப்பப் படுது. ஆனா பொறுக்குறது வேற, எடுக்குறது வேறங்குறதுல நான் மாறல.

காரைக்குடி படக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி ரெண்டு தடவை முழுசா படிச்சேன்.

தங்கச்சி, பிளாஷ் உங்க வீடியோவுல பாதி பிரேம் வெள்ளையாக்கும்னு எனக்கு இந்த 22 வருஷத்துல யாரும் சொன்னதே இல்ல. எத்தனையோ வீடியோக்காரங்க பக்கத்துல நின்னுருக்கேன், எல்லாரும் முறைச்சிருக்காங்க, காரணம் சொல்லல, நானும் கேக்கல. அடுத்த கல்யாணத்துல இருந்து மேடை ஏறுறதுக்கு முன்னாடி நானே போய்ப் பேசிடுறேன். அட்சதைக்கு விட்டுத்தர முடியாதும்மா, அது பறக்குறப்ப பிளாஷ் அடிச்சு ஒவ்வொரு அரிசியும் அப்படியே நிக்கிற படத்துக்குத்தான் எங்களைத் தேடி வர்றாங்க. மாலை மாத்துறப்ப விட்டுத்தர்றேன், அதுல அசைவுதான் அழகு, பொண்ணைத் தூக்குறது, மாப்பிள்ளை எக்குறது, அது உங்களுக்கு.

கூலி விஷயமும் நீங்க சொன்னப்புறம்தான் உறைச்சுச்சு. நான் கேமரா மேல கோவப்பட்டுட்டு இருந்திருக்கேன். அந்த ஸ்டுடியோக்காரருக்கு நேத்தே சொல்லிட்டேன், இனிமே நான் ஸ்டில் மட்டும்தான், வீடியோவுக்கு ஆள் வரலன்னா ஆள் நம்பர் தர்றேன், என் கையில கேமரா ஒண்ணுதான்னு. அவரு ஒண்ணும் பேசல, சரின்னாரு. வேலை குறையுமோ என்னவோ, பார்ப்போம்.

நாரைத் தம்பி, அந்த 40 செகண்டை எங்கயாச்சும் போட்டுருந்தா லிங்க் குடுங்க, பாக்கணும். உங்களுக்கு வேணும்னு புரியுது. எடுத்துருங்கன்னு நான் கேட்டது எனக்கு மட்டும்தான்.

ஆனா எனக்கு இன்னும் ஒரு பயம் இருக்கு. கை தெரியாம சிவப்பு பட்டன்ல பட்டா தம்பிக்கு கூழைக்கடா கிடைச்சுது, எனக்கு மூணாவது முடிச்சுல பட்டா என்ன ஆகும்? திருகுபுளித் தம்பி, 1/50க்கு ஏதோ வழி இருக்குன்னீங்களே, அதைச் சொல்லுங்க. பட்ஜெட் பாடிக்கு மட்டும் ஒண்ணரை லட்சம், லென்ஸ் இருக்கு, பழசுதான், அடாப்டர் போட்டு ஓட்டிக்குவேன்.

திருகுபுளி:

அண்ணே, இதோ. பழைய டிஎஸ்எல்ஆர் நிறையதுல மேனுவல்ல வச்சா ஸ்டில்லுக்கும் வீடியோவுக்கும் ஒரே ஷட்டர் ஸ்பீடு, ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணுலயும் மாறிடும். உங்களுக்கு நடந்தது அதுதான், உங்களுக்கு மட்டும் நடக்கல, என் கடைக்கு வர்றவங்க எத்தனை பேரு ஷட்டர் ஸ்லோ ஆயிடுச்சு பாருங்கன்னு கேமராவைக் கொண்டு வந்துருக்காங்க. ஷட்டர் நல்லாத்தான் இருக்கும், ஸ்பீடு 1/50ல நிக்கும்.

இப்ப வர்ற மிரர்லெஸ்ல இதைப் பிரிச்சுட்டாங்க. சோனி ஏ7 நாலுல மோட் டயலுக்குக் கீழயே இன்னொரு டயல், ஸ்டில், மூவி, ஸ்லோமோஷன்னு. ரெண்டுக்கும் தனித்தனியா செட்டிங் வச்சுக்கன்னு மெனுவுல ஒரு இடம் இருக்கு, அதுல ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் எல்லாத்தையும் டிக் போட்டுட்டா வீடியோவுல நீங்க என்ன பண்ணினாலும் ஸ்டில் பக்கம் தொடாது. நிக்கான் இசட் பாடிகள்லயும் போட்டோ, மூவின்னு ஒரு குட்டி லீவர் இருக்கும், அதைப் போட்டோவுல தள்ளி வச்சுட்டா சிவப்பு பட்டன் ரெக்கார்டே பண்ணாது, அந்தப் பட்டனுக்கு நீங்க வேற வேலை குடுக்கலாம்.

உங்க லென்ஸ் எல்லாம் எந்த மவுண்டுன்னு, அதாவது எந்தக் கம்பெனி பாடியில மாட்டுறதுன்னு சொல்லல. நிக்கான்னா இசட் பாடிக்குப் போங்க, பழைய டிஎஸ்எல்ஆரோட எஃப் மவுண்ட் லென்ஸுக்கு அவங்க அடாப்டரே நல்லா ஓடும். ஒரே ஒரு விஷயம், லென்ஸ் பேர்ல ஏஎஃப்-டின்னு இருந்தா, திருகு வச்சு போகஸ் ஓட்டுற பழைய வகை, அந்த அடாப்டர்ல ஆட்டோபோகஸ் வராது. பாத்துட்டு சொல்லுங்க.

காரைக்குடி படக்காரர்:

நிக்கான்தான் தம்பி. 50 ஒண்ணும் 85 ஒண்ணும் ஏஎஃப்-டிதான். 85லதான் பொண்ணு முகம் எல்லாம் எடுக்குறது. 24-70 மட்டும் புது வகை.

சிவப்பு பட்டனுக்கு வேற வேலை குடுக்கலாம்னீங்களே, அதுல பிளாஷ் காம்பன்சேஷன், அதான் பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது, போட முடியுமா? அது விரல்கிட்டயே இருந்தா போதும் எனக்கு.

திருகுபுளி:

பாடிக்குப் பாடி அந்த லிஸ்ட் மாறும்ணே. கடையில பேட்டரி போட்டுக் குடுக்கச் சொல்லி, உங்க பிளாஷையும் கையோட கொண்டு போய் மாட்டி, மெனுவுல பட்டன் அமைப்புக்குள்ள போய் நீங்களே பாருங்க, பாக்காம காசு கட்டாதீங்க. 85ஐ வித்துடாதீங்க, மேனுவல்ல ஓட்டலாம், வியூபைண்டர்ல பெருசாக்கி போகஸ் பாத்தா மண்டப வெளிச்சத்துலயும் கண்ணு இமை தெரியும். சென்னை வந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, கிரீஸ் காஞ்சிருக்கும், மாத்தித் தர்றேன்.